மிஸ்டு கால் அட்டெண்டன்ஸ்

ஆன்லைன் வகுப்பு நடத்துங்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்த அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. பத்தாம் வகுப்பில் எனக்கு முப்பத்து நான்கு பிள்ளைகள். டச் போன் இருந்த வீடு ஒன்பது. அந்த ஒன்பதிலும் நான்கு, அப்பாவோடு திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போய்விட்டது. மிச்சப் பேரிடம் இருந்ததெல்லாம் பட்டன் போன். அதையும் காலையில் கரும்பு வெட்டப் போகிற அம்மா மடியில் செருகிக்கொண்டு போய்விடுவாள். இந்த லட்சணத்தில் கணக்குப் பாடத்தை வீடியோவாக அனுப்ப வேண்டுமாம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பட்டியலும் தர வேண்டுமாம். யார் தலையில் உதித்த யோசனையோ, அவர் கச்சிராயபாளையம் பக்கம் ஒரு தடவையாவது வந்திருக்கமாட்டார்.

என் பெயர் ஷாஜாதி. வீடு கள்ளக்குறிச்சியில். கணவர் சர்புதீனுக்குப் பேருந்து நிலையத்தை ஒட்டிச் செருப்புக்கடை. ஆறு வயதில் ஒரு மகன். பள்ளி, கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில். ஸ்கூட்டியில் அரை மணி நேரம். வாய் கொஞ்சம் நீளம் என்று ஆசிரியர் அறையில் எனக்குப் பெயர் உண்டு. அது பொய்யில்லை. ஆனால் வாய் நீளமாக இருந்தால் போதாது, வேலையும் தெரிய வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். அதனால் புலம்புவதை ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டு, பட்டன் போனுக்கு என்ன வகுப்பு நடத்தலாம் என்று யோசித்தேன்.

யோசித்துக் கண்டுபிடித்ததுதான் மிஸ்டு கால் அட்டெண்டன்ஸ். காலை ஏழிலிருந்து ஏழரைக்குள், அம்மாக்கள் போனைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் முன்பு, ஒவ்வொரு பிள்ளையும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒன்று கொடுத்தால் பாடத்தைப் போட்டாயிற்று என்று அர்த்தம். ஒன்றுக்கு மேல் கொடுத்தால் நேற்றைய பாடத்தில் சந்தேகம் இருக்கிறது என்று அர்த்தம். நான் எடுக்கமாட்டேன், எடுத்தால் அவர்கள் காசு போய்விடும். கட் செய்வேன். கட் செய்தால் டீச்சர் பதிந்துவிட்டார் என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சாயங்காலம் அம்மாக்கள் திரும்பியதும் நானே ஐந்து ஐந்து பேராகக் கூப்பிட்டு, கான்பரன்ஸ் போட்டு, வாயாலேயே பாடம் நடத்துவேன்.

வாயால் கணக்கா என்று சிரித்தவர்கள் உண்டு. முக்கோணவியலை நான் வாயால்தான் நடத்தினேன். ஒரு அடி நீளத்துக்குக் குச்சி வெட்டி வெயிலில் நட்டு நிழலை அளக்கச் சொன்னேன். பிறகு வீட்டருகே இருக்கிற கரண்டுக் கம்பத்தின் நிழலை அளந்து, கம்பத்தின் உயரத்தைச் சொல்லச் சொன்னேன். முப்பது வீட்டு வாசலில் முப்பது குச்சி நின்றது. வகுப்பறையில் இருந்திருந்தால் கரும்பலகையில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கம் திருப்பியிருப்பேன். உண்மையைச் சொன்னால் அந்த வருஷம்தான் நான் நல்ல டீச்சராக இருந்தேன். அந்தத் தலைக்கனமும் எனக்கு இருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தேன். முதல் மாதம் பாவம் பார்த்து இரண்டொரு போனை எடுத்துவிட்டேன். உடனே பிள்ளைகளுக்கு ருசி கண்டுவிட்டது. விடாமல் அடிப்பார்கள், நான் எடுத்ததும் "சும்மாதான் டீச்சர்" என்பார்கள். போனில் காசு தீர்ந்து அம்மாக்கள் என்னைத் திட்டினார்கள். அதோடு சரி. காலை அரை மணி நேரம் யார் போனையும் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். அல்லாவே கூப்பிட்டாலும் கட் பண்ணுவியா என்று என் மாமியார் ஒரு நாள் கேட்டார்.

முப்பத்து நான்கு பேரில் குச்சியை நட்டு நிழலை அளந்ததோடு நிற்காமல், ஊர்த் தண்ணீர்த் தொட்டி, மாரியம்மன் கோவில் கோபுரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அளந்து உயரம் சொன்னவள் தேவதர்ஷினி. கோமுகி அணைக்குப் போகிற வழியில் பத்துப் பதினைந்து வீடுகள் உள்ள ஒரு சின்ன ஊர் அவளுடையது. அப்பா ராசு முந்தின வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அம்மா கொளஞ்சியம்மாள், அடுத்ததாக ஏழு வயதில் ஒரு தங்கை. நிலம் என்று ஒரு சாண் கிடையாது. தை பிறந்தால் ராசுவும் கொளஞ்சியம்மாளும் செங்கல்பட்டுப் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள், மழை விழுந்தால்தான் திரும்பி வருவார்கள். அந்த மாதங்களில் தர்ஷினி பக்கத்து வீட்டு ராணியம்மாள் பொறுப்பில் இருந்து பள்ளிக்கு வருவாள்.

மார்கழியில் ஒரு நாள் கான்பரன்ஸ் முடிந்து மற்ற பிள்ளைகள் போனை வைத்த பிறகு அவள் மட்டும் வைக்கவில்லை. "டீச்சர், எங்கம்மா என்ன சூளைக்கு இட்டுக்கினு போவப்போவுது" என்றாள். குரலில் அழுகை இல்லை. ஒரு கணக்குக்கு விடை சொல்வது மாதிரிதான் சொன்னாள். அடுத்த நாளே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

கொளஞ்சியம்மாள் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். என்னை உட்காரச் சொல்லிவிட்டு நின்றபடியே பேசினாள்.

"ஒண்டியா போனா மேஸ்திரி வண்டியிலயே ஏத்தமாட்டான் டீச்சர். ஒருத்தர் மண்ணு மிதிச்சிக் குடுக்கணும், ஒருத்தர் கல்லு அறுக்கணும். ஜோடியா வந்தாத்தான் வேல. அவரு இருந்தாரு, போனேன். இப்ப இவள இட்டுக்கினு போறதத் தவிர வேற இன்னா வழி இருக்குது எனக்கு?"

"பத்தாவது படிக்கிற புள்ள இது. நல்லா படிக்கிற புள்ள. ஸ்கூல் தொறக்கப் போறாங்கன்னு பேச்சு அடிபடுது."

"ஸ்கூலு எங்க டீச்சர் இருக்குது? பத்து மாசமா பூட்டிக்கினு கெடக்குது. நீங்க போன்ல இன்னாமோ சொல்றீங்க, இதுவும் செவுத்தப் பாத்துக்கினு பேசிக்கினு இருக்குது. நான் அதப் படிப்புன்னு நெனச்சி வூட்ல உட்டுட்டு போவவா? வயசுக்கு வந்த பொண்ணு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பள்ளி திறந்தால் கள்ளக்குறிச்சி மாணவியர் விடுதியும் திறக்கும், அங்கே இடம் வாங்கித் தருவது என் பொறுப்பு என்றேன். அவள் கொஞ்சம் இறங்கி வந்தாள். எலவனாசூர்கோட்டையில் அவளுக்கு ஒரு அண்ணி உண்டு, கணவனை இழந்தவள், ஜோடியாக வரத் தயார். ஆனால் ஐம்பது வயதுக்காரியை மேஸ்திரி ஒத்துக்கொள்ளமாட்டான்.

"நீங்க நேர்ல வந்து நின்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா அவன் மறுபேச்சு பேசமாட்டான். படிக்கிற புள்ளய ஏத்துனா கேஸு ஆயிடும்னு வாத்தியாருங்கள கண்டா அவனுக்கு பயம். நான் சொன்னா எடுபடாது. அண்ணிய போற வழியில ஏத்திக்கினு நான் போயிடுவேன். இவள நீங்க பாத்துக்குங்க."

"வண்டி எப்ப வரும்?"

"பொங்கலு கழிச்சி வரும். இன்ன நாளுன்னு சொல்லமாட்டான். வருவான், ஏறுன்னுவான். அவ்ளோதான்."

நான் விடுதி விண்ணப்பத்தை அங்கேயே நிரப்பி அவளிடம் கைநாட்டு வாங்கினேன். தர்ஷினி வாசல்வரை வந்தாள். "வண்டி வந்த உடனே எனக்கு போன் பண்ணு. அரை மணி நேரத்துல வந்து நிப்பேன். அதுவரைக்கும் எதையாச்சும் சொல்லி நிறுத்தி வை" என்றேன்.

"கண்டிப்பா வருவீங்களா டீச்சர்?"

"நான் சொல்லிட்டு வராம இருந்திருக்கேனா?"

ஜனவரியில் அறிவிப்பு வந்தது. பத்தாம் வகுப்புக்குப் பத்தொன்பதாம் தேதி பள்ளி திறக்கிறது. எனக்குக் கை கால் கொள்ளாத சந்தோஷம். பொங்கல் கழித்து நான்கே நாள், அதுவரை அந்த வண்டி வராமல் இருந்தால் போதும். விடுதிக்கு இரண்டு தடவை போய் இடத்தை உறுதி செய்துவிட்டு வந்தேன்.

அதே நேரத்தில் இன்னொன்றும் வந்தது. என் மிஸ்டு கால் முறை எப்படியோ மாவட்ட அளவுக்குப் போய்விட்டது. தொலைவிலிருந்து கற்பிப்பதில் சாதித்த ஆசிரியர்கள் என்று ஐந்து பேரைப் பொறுக்கியதில் நானும் ஒருத்தி. பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு கூகுள் மீட்டில் அதிகாரிகள் முன்னிலையில் நான் பேச வேண்டும். இருநூறு ஆசிரியர்கள் கேட்பார்கள். தலைமை ஆசிரியர் ஜெயப்பிரகாஷ் சார், "நம்ம ஸ்கூல் மானத்தைக் காப்பாத்திட்டீங்க மேடம்" என்றார். பொங்கல் விடுமுறை நான்கு நாளும் வருகைப்பதிவு வேண்டாம், வகுப்பும் வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை காலை சமையல் மேடையில் ஒரு பக்கம் லேப்டாப், ஒரு பக்கம் இட்லிப் பானை, நடுவில் போனும் வருகை நோட்டும். ஏழு மணிக்கு இளமாறன், அப்புறம் அருள்மொழி, அப்புறம் கோகிலவாணி. விடுமுறை முடிந்த முதல் நாளும் மறக்காமல் அடிக்கிறார்களே என்று எனக்கு ஒரே பெருமை. ஏழு ஆறுக்கு தேவதர்ஷினி. கட் செய்து நோட்டில் டிக் போட்டேன். உடனே மறுபடி அவளே. கட் செய்து, பக்கத்தில் 'சந்தேகம்' என்று எழுதினேன். மறுபடி அவளே.

"இந்தப் பொண்ணுக்கு இன்னிக்கு இன்னா வந்துச்சு?" என்றேன்.

கணவர் டீயோடு நின்றிருந்தார். "எடுத்துதான் பேசேன், ஷாஜாதி. இன்னா ஏதுன்னு தெரியும் இல்ல."

"எடுத்தா பழக்கம் கெட்டுடும். சாயங்காலம் கூப்ட்டு நாலு வாங்கு வாங்குறேன், அப்பதான் அடங்கும்."

ஏழு முப்பத்தொன்றுக்குள் அவள் பதினொரு தடவை கூப்பிட்டிருந்தாள். பதினொரு தடவையும் நான் கட் செய்தேன். கடைசி இரண்டைக் கரண்டியைப் பிடித்த கையின் முழங்கையாலேயே அழுத்தினேன். அதன் பிறகு வரவில்லை.

வண்டி நினைவுக்கே வரவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். வரவில்லை. வண்டி வந்த உடனே கூப்பிடு என்று சொன்னவளும் நான்தான், ஏழிலிருந்து ஏழரை வரை எடுக்கமாட்டேன் என்று சொன்னவளும் நான்தான். அந்த இரண்டையும் நான் ஒரு தடவைகூடப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஐந்து மாதமாக அந்த அரை மணி நேரத்தில் அடிக்கிற போன் எதுவும் எனக்கு மனுஷக் குரலாகத் தெரிந்ததில்லை. அது டிக், அல்லது சந்தேகம். பொதுத்தேர்வு பயம் வந்துவிட்டது பெண்ணுக்கு என்றுதான் நினைத்தேன். அதற்குச் சந்தோஷம் வேறு பட்டேன்.

அதோடு நிற்கவில்லை. போன் திரையில் தேவதர்ஷினி, தேவதர்ஷினி என்று வரிசையாகச் சிவப்பு எழுத்தில் அவள் பெயர் நின்றதைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் பேச்சின் கடைசிப் பக்கத்தில் ஒட்டினேன்.

பத்து மணிக்குத் தலைமை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பேசினேன். நன்றாகவே பேசினேன். பிள்ளையிடம் என்ன போன் இருக்கிறதோ அதற்குத் தக்கபடி பாடத்தை மாற்றுங்கள், நம்மிடம் இருக்கிற பாடத்துக்குத் தக்கபடி பிள்ளையை மாற்றப் பார்க்காதீர்கள் என்றேன். குச்சி நட்டு நிழல் அளந்ததைச் சொன்னேன். கடைசியில் அந்தப் படத்தைப் போட்டு, "இது இன்று காலை எடுத்தது. ஒரு கூலித் தொழிலாளி வீட்டுப் பெண், அரை மணி நேரத்தில் பதினொரு தடவை என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். தொலைவிலிருந்து கற்பிக்க முடியாது என்று யார் சொன்னது?" என்று முடித்தேன். திரை முழுக்கக் கைதட்டுகிற மஞ்சள் கைகள். அதிகாரி ஒருவர், "இதுதான் சார் ஆர்வம். இதை எல்லாரும் நோட் பண்ணிக்குங்க" என்றார்.

கூட்டம் முடிந்து லேப்டாப்பை மூடினேன். ஜெயப்பிரகாஷ் சார் டீ வரவழைத்திருந்தார்.

"ஆமா மேடம், அந்தப் பொண்ணுக்கு அப்படி இன்னா சந்தேகம்?"

"முக்கோணவியலா இருக்கும் சார். நேத்து நடத்துன பாடத்துல."

"நேத்து ஞாயித்துக்கிழமை ஆச்சே. நாலு நாளா பொங்கல் லீவு. நீங்க பாடமே நடத்தலைன்னு சொன்னீங்க?"

டீ கிளாஸை மேசையில் வைத்தது நினைவிருக்கிறது. அவளுக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். பையை அங்கேயே விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். பள்ளியிலிருந்து அவள் ஊருக்கு ஐந்தே கிலோமீட்டர். காலையில் அந்த ஊருக்குப் பிரிகிற சாலையைக் கடந்துதான் பள்ளிக்கு வந்திருந்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீடு பூட்டியிருந்தது. வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்த தடம் அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டு ராணியம்மாள் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள்.

"இப்பதான் வர்றீங்களா டீச்சர்?"

நான் கதவுப் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

"ஏழு மணிக்கெல்லாம் வண்டி வந்துடுச்சி. பொண்ணு போன எடுத்துக்கினு ரோட்டுக்கு ஓடுச்சி. மொதோ தடவ அடிச்சிட்டு திரும்பி வந்து, டீச்சர் கட் பண்ணிட்டாங்க, கெளம்பிட்டாங்கன்னு ஆத்தாகிட்ட சொல்லுச்சி. கட் பண்ணா பதிஞ்சிட்டீங்கன்னு அர்த்தமாமே."

"அப்புறம் ஏன் திரும்பத் திரும்ப அடிச்சா?"

"மேஸ்திரி அவசரப்படுத்திக்கினு இருந்தான். எங்க வந்துக்கினு இருக்கீங்கன்னு கேக்கத்தான் அடிச்சிது. மெசேஜு அனுப்பற அளவுக்கு போன்ல காசு இல்ல. நீங்க ஒவ்வொரு தடவயும் கட் பண்ணீங்க. வண்டி ஓட்டிக்கினு வர்றாங்க, அதான் எடுக்க முடியலன்னு அதுவே சொல்லிக்கினுது. கொளஞ்சியும் மேஸ்திரி கால்ல கையில உழுந்து அர மணி நேரம் நிறுத்தி வெச்சா டீச்சர். அவளும் ரோட்டப் பாத்துக்கினுதான் இருந்தா."

ராணியம்மாள் தழையைக் கீழே போட்டாள். அவள் அடுத்துச் சொன்னதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

"நான் கூப்ட்டேன் டீச்சர். வாடி, எங்க வூட்டு பரண் மேல ஏறி படுத்துக்கோ, வண்டி போன பின்னாடி எறங்குன்னேன். வரமாட்டேன்னுடுச்சி. டீச்சர் வர்றப்ப நான் ரோட்ல நிக்கணும், இல்லன்னா அவங்களுக்கு வூடு தெரியாம போயிடும்னுச்சி. நீங்கதான் போன மாசமே வூட்டுக்கு வந்தவங்க ஆச்சே. அதுக்கு பதட்டத்துல ஒன்னும் புரியல."

அன்றைக்கும் அதற்கப்புறமும் நான் செய்ததையெல்லாம் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எந்தச் சூளை, எந்த ஊர், முதலாளி பெயர் என்ன என்று கேட்டார்கள். செங்கல்பட்டுப் பக்கம் என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. மேஸ்திரி தியாகதுருகத்துக்காரன் என்று ஊரில் சொன்னார்கள், அவன் நம்பரும் அணைந்திருந்தது. ஜெயப்பிரகாஷ் சாரோடு காவல் நிலையம் போய் எழுதிக் கொடுத்தேன். பெற்ற தாயோடுதானே போயிருக்கிறாள் என்று கேட்டுவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் எத்தனை நூறு சூளை இருக்கிறது என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை கணவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தேடினேன். கேட் வாசலிலேயே நிறுத்தி, அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள்.

பத்தொன்பதாம் தேதி பள்ளி திறந்தது. முப்பத்தொரு பேர் வந்தார்கள், முகக்கவசத்தோடு, தள்ளித் தள்ளி உட்கார்ந்து. பத்து மாதத்துக்குப் பிறகு பிள்ளைகளை நேரில் பார்க்கிற சந்தோஷம் எல்லா ஆசிரியர்களுக்கும் இருந்தது. நான் பெயர் கூப்பிட்டேன். தேவதர்ஷினி என்ற இடம் வந்ததும் நிறுத்தாமல் அடுத்த பெயரைப் படித்தேன்.

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "நீங்க வேணும்னு பண்ணலையே மேடம்" என்றார் ஜெயப்பிரகாஷ் சார். பிப்ரவரியில் பத்தாம் வகுப்புக்குத் தேர்வே இல்லை, எல்லாரும் பாஸ் என்று அறிவித்தார்கள். அவளும் பாஸ். மார்ச்சில் எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் வந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன், கொடுக்கவில்லை. கொடுத்தால் காரணம் எழுத வேண்டும். பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஜூலைக் கடைசியில் ராணியம்மாள் போன் செய்து, கொளஞ்சி குடும்பம் திரும்பிவிட்டது என்றாள். உடனே ஓடியிருக்க வேண்டும். மூன்று வாரம் போகவில்லை. அவளுடைய மதிப்பெண் சான்றிதழ் வரட்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஆகஸ்டில் சான்றிதழ் வந்தது. அப்புறம் சாக்கு இல்லை. பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு போனேன்.

வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். சுற்றி வளைக்கக் கூடாது. அன்றைக்கு நான் வண்டியில் வரவில்லை, சமையலறையில்தான் நின்றிருந்தேன், உன் போனை நான்தான் பதினொரு தடவை கட் செய்தேன், உன் பெயரைப் படம் பிடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கினேன், என்னை மன்னித்துவிடு. இவ்வளவுதான். பதினாறு வருஷம் டீச்சர் வேலை பார்த்தவளுக்கு நாலு வாக்கியம் சொல்லத் தெரியாதா?

கொளஞ்சியம்மாள் வாசலில் உட்கார்ந்து முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், வாங்க என்று சொல்லவில்லை. "தோ வந்துட்டாங்கடி உங்க டீச்சரு" என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

தர்ஷினி வெளியே வந்தாள். ஏழு மாதத்தில் உயர்ந்திருந்தாள். நிறம் மாறியிருந்தது. கால் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, ஆறி, மறுபடி வெடித்திருந்தது. மண் மிதித்த கால். சிரித்தபடி "வாங்க டீச்சர்" என்றாள். அந்தச் சிரிப்பு அப்படியேதான் இருந்தது, அதுதான் எனக்குப் பொறுக்க முடியவில்லை.

சான்றிதழைக் கொடுத்தேன். கையைப் பாவாடையில் இரண்டு தடவை துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். சேர்க்கைப் படிவத்தை நீட்டினேன்.

"வேணாம் டீச்சர். தையில திரும்பவும் போவணும். பாதியில நிக்கறதுக்கு எதுக்கு சேரணும்? தங்கச்சிய மட்டும் இந்த வருசம் ராணியம்மா வூட்ல உடறோம். அது படிக்கட்டும்."

"ஹாஸ்டல் இருக்குது. இந்தத் தடவ நானே..." என்று ஆரம்பித்தேன். கொளஞ்சியம்மாளின் முறம் ஒரு நொடி நின்றது. நான் படிவத்தை மடித்துக்கொண்டேன்.

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள். அம்மாவுக்கும் கேட்கட்டும் என்பது மாதிரி கொஞ்சம் சத்தமாகவே கேட்டாள்.

"டீச்சர், அன்னிக்கு போனு உங்க பையன் கையில இருந்துச்சா? சின்னப் புள்ளைங்க கையில குடுத்தா அப்டிதான் கட் பண்ணிக்கினே இருக்கும்."

கொளஞ்சியம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். தர்ஷினியும் பார்த்தாள். அவள் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் டீச்சர் என்று அந்தக் கண்கள் என்னைக் கெஞ்சின.

"ஆமாம்மா" என்றேன். "பையன் கையிலதான் இருந்துச்சு. எனக்குத் தெரியவே இல்ல."

"பாத்தியா?" என்று அவள் அம்மாவிடம் திரும்பினாள். "ஏழு மாசமா சொல்லிக்கினு இருந்தேன், நீ நம்புனியா? டீச்சர் அப்டி பண்ணமாட்டாங்கன்னு சொன்னேன் இல்ல?"

கொளஞ்சியம்மாள் எழுந்து உள்ளே போனாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "குடிங்க டீச்சர், வெயில்ல வந்துக்கிறீங்க" என்று என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக் குடித்தேன்.